பஸ் ஏறிட்டியா கண்ணு?

ஜூன் மாத வெயில் பாலக்கரைச் சாலையின் தாரை இளக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில், துர்கா தன் மகள் யுவஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு தங்கதுரையின் செல்போன் கடைக்குள் நுழைந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. யுவஸ்ரீ ஆறாம் வகுப்பு. இதுவரை தெருமுனைப் பள்ளிக்கு நடந்தே போய் வந்தவள், இனி வேப்பூர் சாலையில் இருக்கும் பெரிய பள்ளிக்கு பஸ்ஸில் போகவேண்டும். அப்பா உலகநாதன் லாரி எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவான் என்று சொல்ல முடியாது. துர்காவுக்குப் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதும் வேலை. பொழுது சாய்ந்த பிறகுதான் விடுவார்கள். பிள்ளை பத்திரமாக பஸ் ஏறியதா என்று தெரிந்துகொள்ளவாவது ஒரு போன் வேண்டுமென்று கணவனிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"அம்மா, இதுல கேமரா இருக்குது."

"போட்டோ புடிக்கவா பள்ளிக்கூடம் போற?"

"இது பாட்டு பாடும்மா."

"பாட்டு கேட்டுக்கிட்டே ஸ்டாப்பு வுட்டுட்டுப் போயிடுவ. கீழ வையி." துர்கா கடைக்காரன் பக்கம் திரும்பினாள். "பேசணும், டார்ச் எரியணும், அவ்வளவுதாம்பா. புதுசு வேணாம். புதுசா இருந்தா எவனாவது புடுங்கிக்கிட்டுப் போயிடுவான்."

தங்கதுரை கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் கைவிட்டு ஒரு சாம்பல் நிற போனை எடுத்தான். எடுத்தவன் உடனே நீட்டவில்லை.

"இதுவும் ஒரு ஸ்கூல் பொண்ணு வச்சிருந்ததுதாங்க்கா. கீறல்கூட இல்ல பாருங்க."

"அப்புறம் ஏன் வித்துட்டாங்க?"

"அவங்கப்பா வந்து குடுத்துட்டுப் போனாரு." அவன் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தான்.

யுவஸ்ரீக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வேண்டா வெறுப்பாக போனை வாங்கிக் காதில் வைத்தவள், சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

"உள்ள ரயிலு சத்தம் கேக்குதும்மா."

விருத்தாசலத்தில் ரயில் சத்தம் கேட்காத இடம் ஏது? துர்கா அதைப் பொருட்படுத்தவில்லை.

ஏற்பாடு எளிமையானது. பள்ளி விட்டு பஸ் ஏறியதும் யுவஸ்ரீ ஒரு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். கம்பெனிக்குள் போன் எடுத்துப் போக விடமாட்டார்கள்; கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். வேலை முடிந்து வாங்கும்போது மகளின் அழைப்பு அதில் இருக்கும். மனசு ஆறிவிடும்.

முதல் வாரம் முழுக்க ஒரு அழைப்பும் இல்லை.

"ஏண்டி, சொல்லிச் சொல்லி அனுப்பறேனே, ஒரு மிஸ்டு கால் குடுக்கறதுக்கு என்னா கேடு ஒனக்கு?"

யுவஸ்ரீ புரியாமல் விழித்தாள். "நீதான் தெனமும் கூப்புடறியேம்மா."

"நானா?"

"பஸ் ஏறிட்டியா கண்ணுன்னு கேக்குறியே. ஏறிட்டேன்னு சொன்னதும் வச்சிடறியே."

பொய் சொல்கிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள் துர்கா. சிறுமி அழவில்லை. தாயை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகச் சொன்னாள்:

"போன்ல மட்டும் நல்லா பேசறம்மா நீ."

அந்த வார்த்தை துர்காவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவள் எப்போது மகளைக் கண்ணு என்று கூப்பிட்டாள்? காலையில் அவசரம், மாலையில் அலுப்பு. கண் எழுதிக் கண் எழுதித் தலை வலியோடு வீட்டுக்கு வந்தால், வாயில் வருவதெல்லாம் ஏச்சுதான்.

போனை வாங்கி அழுத்திப் பார்த்தாள். வந்த அழைப்புகள் என்ற இடம் காலியாக இருந்தது. யாரோ வேண்டாதவர்கள் பிள்ளையிடம் பேசுகிறார்கள் என்று தோன்றியது. அன்றே சிம் கார்டைக் கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குள் போட்டாள். போனை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை கம்பெனியில் கரண்ட் இல்லை. மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். யுவஸ்ரீ பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். துர்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டியிருந்தது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

மற்ற நாளென்றால் பள்ளி விடும் நேரம்.

அலமாரியின் மேல் போன் அடித்தது.

துர்காவின் கையிலிருந்த புடவை நழுவியது. சிம் இல்லாத போன். திரையில் வெளிச்சம் இல்லை. ஆனாலும் தகரத் தட்டு அதிர அதிர அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்தாள்.

முதலில் காற்று. சரளைக்கல் மிதிபடும் சத்தம். எங்கோ தொலைவில் ரயிலின் ஊதல். போனிலிருந்து இரும்பும் கிரீஸும் காய்ந்த வாடை வந்தது.

பிறகு ஒரு பெண்குரல். அவ்வளவு கனிவு.

"பஸ் ஏறிட்டியா கண்ணு?"

துர்காவுக்குப் பயம்தான் வந்திருக்கவேண்டும். வந்தது ஆத்திரம்.

"ஏறல! யாரு நீ? அவ எம்பொண்ணு. அவ ஏறவும் மாட்டா, ஒனக்குப் பதில் சொல்லவும் மாட்டா. இனிமே கூப்புடாத!"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றது.

"ஏறலையா?"

குரல் நடுங்கியது. வழி தவறிய பிள்ளையை நினைத்துப் பதறும் குரல்.

"அங்கயே நில்லு கண்ணு. அம்மா வரேன்."

ரயிலின் ஊதல் காதைப் பிளந்தது. பிறகு ஒன்றுமில்லை.

துர்கா செருப்புகூடப் போடாமல் பாலக்கரைக்கு ஓடினாள். தங்கதுரை போனைப் பார்த்ததுமே எழுந்து நின்றான்.

"எனக்கு எதுவும் தெரியாதுங்க்கா. ஸ்டேஷனுக்குப் பின்னாடி தெருவுல தர்மராஜுன்னு ஒருத்தரு. அவரு சம்சாரம் போன்ல பேசிக்கிட்டே லைனத் தாண்டியிருக்குது. ரயிலு வந்தது தெரியல. பொண்ணு வச்சிருந்த போனுதான் இது. பயந்துக்கிட்டு வித்துட்டாரு."

தர்மராஜின் வீட்டில் அவர் இல்லை. கதவைத் திறந்தது பள்ளிச் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். சண்முகப்ரியா. யுவஸ்ரீயைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருக்கலாம். போனைப் பார்த்ததும் ஈரக்கையை அவசரமாகப் பாவாடையில் துடைத்தாள்.

"எங்கம்மா பேசுனாங்களா?"

துர்கா தலையசைத்தாள்.

"அன்னைக்கி பஸ் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலங்க. ஏறிட்டேன்னு நான் சொல்லறதுக்குள்ள..." அவள் நிறுத்திக்கொண்டாள். "அப்பறம் தெனமும் கேப்பாங்க. ஏறிட்டேம்மான்னு சொன்னாப் போதும், நிம்மதியா வச்சிடுவாங்க. நீங்க என்னா சொன்னீங்க?"

"ஏறலன்னு சொன்னேன்."

சண்முகப்ரியாவின் முகம் வெளுத்தது.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? தேடிக்கிட்டு வந்துடுவாங்களே!"

துர்கா போனை அவள் கையில் திணித்தாள். "ஒங்கம்மாவ நீயே வச்சிக்கோ." அந்தப் பெண் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மகளைத் தானே போய் அழைத்துவர துர்கா அனுமதி கேட்டாள். சூப்பர்வைசர் இதோ அதோ என்று இழுத்தடித்தார். வாக்குவாதம் செய்து, அழுது, அவள் பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்த பஸ்ஸை மறித்துக் கண்டக்டரைக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு ஏறலயேம்மா. அவங்கம்மாவோட நின்னுக்கிட்டு இருந்துச்சே."

துர்கா பஸ்ஸின் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எந்த அம்மா?"

கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். விசில் ஊதினார்.

யுவஸ்ரீயைக் கண்டெடுத்தவர் ரயில்வே லைன் பார்க்கும் ஊழியர் ஒருவர். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், ஜங்ஷனை நோக்கி, புத்தகப்பையோடு நடந்துகொண்டிருந்தாளாம். பின்னால் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டே வந்தும் விலகவில்லையாம். அவர் பாய்ந்து இழுத்திருக்காவிட்டால் கதை அன்றே முடிந்திருக்கும்.

"வலது கைய ஒசரத் தூக்கிக்கிட்டு நடந்துச்சும்மா," என்றார் அவர். "யாரோ புடிச்சி அழைச்சிட்டுப் போற மாதிரி."

துர்கா மகளைக் கட்டிக்கொண்டாள். சிறுமியின் உடம்பு அசையவில்லை. சட்டையில் கிரீஸ் வாடை.

"யாரு கூடடி வந்த?"

"அம்மா வந்தாங்க."

"நான் வரலடி!"

"ஒன்னைய யாரு சொன்னா?" என்றாள் யுவஸ்ரீ.

உலகநாதன் வந்து மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினான். பழமலைநாதர் கோயிலில் அர்ச்சனை செய்தார்கள். துர்கா வேலையை விட்டாள். தினமும் கூடவே போனாள், கூடவே வந்தாள். கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் வாயில் அந்தச் சொல் கடன் வாங்கியதுபோல் ஒலித்தது. மகள் கேட்டதற்குப் பதில் சொன்னாள். சாப்பிட்டாள். படித்தாள். ஆனால் அம்மா என்று அவளைக் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரம். நனைந்து வந்த யுவஸ்ரீயின் தலையைத் துவட்டி, முடியை விரித்துவிட்டு, துர்கா சீப்பை எடுக்கப் போனாள். கதவு தட்டப்பட்டது.

வாசலில் சண்முகப்ரியா. முழுக்க நனைந்திருந்தாள். கையில் அந்த போன்.

"இது அடிக்கவே மாட்டேங்குதுங்க. அன்னையிலேருந்து ஒரு நாளுகூட அடிக்கல." அவளது பார்வை துர்காவைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று. குரல் தாழ்ந்தது. "எங்கம்மா இங்க இருக்காங்களா?"

"இல்ல," என்றாள் துர்கா. "இங்க யாரும் இல்ல. போ."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அந்தப் பெண் உடனே போகவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவில் அவள் விசும்புவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

துர்கா திரும்பினாள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் யுவஸ்ரீ முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஈரம் சொட்டும் முடி, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல், இரட்டைச் சடையாகப் பின்னி மடித்துக் கட்டப்பட்டிருந்தது.

சீப்பு இன்னும் மாடத்திலேயே இருந்தது.

"யாருடி பின்னிவுட்டா?"

யுவஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மாதான்," என்றாள்.