கேமராவுக்கு ஒரு பொட்டு

போன் அலறியது.

சப்-இன்ஸ்பெக்டர் திரிபுரசுந்தரி வாயிலிருந்த இட்லியை அவசரமாக விழுங்கினாள்.

"மேடம்... துறைமுகம் பக்கத்து ஷிப்பிங் கம்பெனி மேனேஜர் பேசறேன். எங்க ஆபீஸ்ல கண்ணைக் குருடாக்கிட்டாங்க."

"யார் கண்ணை?"

பதில் வருவதற்குள் லைன் கட்!

பத்தே நிமிடம். காரைக்கால் துறைமுகம் பக்கத்திலிருந்த அந்த ஷிப்பிங் கம்பெனி வாசலில் ஜீப் நின்றது. மேனேஜர் சண்முகசுந்தரம் கைகாட்டிய இடத்தில்... ஒரு சிசிடிவி கேமரா. அதன் லென்ஸை அப்படியே மூடிக்கொண்டு ஒரு பெரிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு!

கேமராவுக்கு நேர் கீழே புகார்ப் பெட்டி.

"இதுக்கா என்னை வரவழைச்சீங்க?"

"சனிக்கிழமை காலைலயே ஒட்டியிருக்காங்க மேடம். இன்னைக்கு, திங்கக்கிழமைதான் என் கண்ணுல பட்டுச்சு. ஆளையும் பிடிச்சாச்சு. முத்தமிழ். கேமராவை எடுக்கச் சொல்லி மூணு தடவை நச்சரிச்சது இவதான். ஆபீஸ்ல பொட்டு வைக்கிறதும் இவ ஒருத்திதான். மத்த ரெண்டு லேடீஸ் அர்ஷியா, நௌஷின். நீங்க கேஸ் போடுங்க, நான் டிஸ்மிஸ் பண்ணிடறேன்."

டிஸ்மிஸ் ஆர்டர் சுடச்சுட டைப் ஆகியிருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

முத்தமிழ் திருநங்கை. பதினோரு இன்டர்வியூவில் தோற்று, பன்னிரண்டாவதில் கிடைத்த வேலை இது. பாவம், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகவே நின்றாள்.

"நான் ஒட்டலைங்க மேடம். பெட்டிக்கு மேல கேமரா இருந்தா யாருங்க லெட்டர் போடுவாங்க? அதைத்தான் கேட்டேன்."

"பெட்டியைத் திறங்க."

"ரெண்டு வருஷமா காலி மேடம். இங்க யாருக்கும் ஒரு குறையும் கிடையாது."

திறந்தார்கள். உள்ளே ஆறு கடிதங்கள்!

முதல் கடிதத்தில் முத்தமிழின் கையெழுத்து. 'ரிஜிஸ்டரில் இன்னும் என் பழைய பெயர். தினமும் அதைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள்.'

அடுத்ததில் பெயர் இல்லை. 'என்னோடு வாழ்பவர் ஓர் ஆண். அவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று லீவு கேட்க வாய் வரவில்லை. சிரிப்பார்கள்.'

திரிபுரசுந்தரி மீதி நாலையும் படித்தாள். கடிதங்களை மடித்துவிட்டு முத்தமிழின் நெற்றியைப் பார்த்தாள்.

"மேனேஜர் சார், இவங்க வெச்சிருக்கறது குங்குமம். ஸ்டிக்கர் இல்ல. உங்க வீட்டு அம்மாகிட்ட கேட்டிருந்தாக்கூட வித்தியாசம் சொல்லியிருப்பாங்க."

மேனேஜர் முத்தமிழின் நெற்றியை எட்டிப் பார்த்தார்.

அடுத்து மானிட்டர் அறை. நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பதுதான் செக்யூரிட்டி செந்தில்குமாரின் வேலை. அவர் ரெக்கார்டிங்கை ஓட்டினார். பக்கவாட்டிலிருந்து ஒரு விரல் வந்தது. முகம் இல்லை. அப்புறம் இருட்டு.

திரிபுரசுந்தரி கதவைச் சாத்தினாள்.

"கேமரா எதுவரைக்கும் பாக்கும்னு தெரிஞ்ச ஆளு வேலை இது. ரெண்டு நாளா ஸ்கிரீன் இருட்டா கெடந்திருக்கு. நீங்க ஏங்க வாயே திறக்கலை?"

செந்தில்குமார் எழுந்து நின்றார்.

"பாத்ரூம் கண்ணாடியில என் சம்சாரம் ஒட்டியிருந்த பொட்டு மேடம்... முத்தமிழ் பதினாலு தடவை லெட்டரோட வந்தாங்க. மேல பாப்பாங்க. திரும்பிப் போயிடுவாங்க. இன்னும் சில பேரும் அப்படித்தான். தினம் அதைப் பாத்துக்கிட்டு எப்படிங்க உக்காந்திருக்கறது? அவங்க மேலயே பழி வரும்னு நெனைக்கலை. இப்பவே போயி சொல்லிடறேன்."

"உக்காருங்க பேசாம."

வெளியே வந்தாள்.

"முத்தமிழ் இல்லைங்க. ஆர்டரைக் கிழிங்க. இந்த ஆறு லெட்டரும் ஆதாரம். ஒவ்வொண்ணுக்கும் என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிக் கொடுக்கணும்."

மேனேஜர் கிழித்தார். முத்தமிழ் கைப்பையைக் கழற்றித் தன் மேஜையில் வைத்தாள்.

"மேடம்... அந்தப் பொட்டை எடுத்துடலாமா?" மேனேஜர் கேமராவைக் காட்டினார்.

"தடயத்துல கை வெச்சா உள்ள போயிடுவீங்க. விசாரணை முடியற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

"எப்ப முடியும்?"

திரிபுரசுந்தரி ஜீப்பில் ஏறினாள்.

"நான் ரிட்டயர் ஆக இன்னும் இருபத்திரெண்டு வருஷம் இருக்குங்க... என்ன அவசரம்?"