பழைய சிறைக்குப் போன நாள்

"நான் வரலம்மா. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் அம்மா, பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே.

வாசலில் கார் காத்திருந்தது. பழைய சர்வாதிகார ஆட்சியில் எதிர்த்துப் பேசியவர்களை அடைத்துவைத்த சிறையை இப்போது அருங்காட்சியகமாக்கித் திறந்திருந்தார்கள். பள்ளி ஆசிரியையான மகள், குடும்பத்தோடு போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"எங்கள விட்டுட்டு இருக்கிறது உனக்குப் புதுசா என்ன? தம்பி அப்போ கைக்குழந்தை. கோவிச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பொறந்த வீட்ல போய் உக்காந்தவதானே நீ..."

குழாயடியில் அம்மாவின் கை அப்படியே நின்றது. கூடத்தில் அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அவருக்குக் காது கேட்காமல் போய்விடும். இன்றாவது ஒரு வார்த்தை சொல்வாரா என்று அம்மா பார்த்தாள். சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.

சிறைச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். ஆனாலும் உள்ளே அதே ஈர வாடை. அம்மாவுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

பெண்கள் கூடத்தில் கைதிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. பார்த்துக்கொண்டே போன மகள் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள். மொட்டையடித்த தலை, வீங்கிய உதடு. ஆனால் தினமும் கண்ணாடியில் அவள் பார்க்கும் அதே முகம். 'கணவர் ஒளிந்திருந்த இடத்தைச் சொல்ல மறுத்தவர்' என்று கீழே எழுதியிருந்தது.

"அம்மா... இது நீயா?"

அம்மா படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னாலிருந்து அப்பாதான் பேசினார்.

"துண்டுப் பிரசுரம் அடிச்சது நான். என்னைத் தேடித்தான் வந்தாங்க. உங்கம்மாவ இழுத்துட்டுப் போறத பரண்மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். இறங்கல... அத எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்றது? அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிட்டேன்."

மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லியிருக்கலாமேம்மா. உன்னை என்னென்ன பேசியிருக்கேன்..."

"நான் திரும்பி வந்தப்போ என் கோலத்தப் பாத்து பயந்து, அவர் மடியில போய் ஒளிஞ்சுக்கிட்ட. உனக்கு அவராவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்."

மகள் அவளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பா தயங்கித் தயங்கிக் கையை நீட்டினார். அம்மா அதைப் பற்றவில்லை, தட்டிவிடவும் இல்லை.

"மொதல்ல இங்கேருந்து என்னை வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றாள்.