முப்பத்தொன்று புள்ளி நான்கு

மதியம் இரண்டே காலுக்கு, ஆற்றோர நகரங்களை இணைக்கும் ஊரிணை இயந்திரம் தன் முடிவைத் திரையில் அறிவித்தது. அணையிலிருந்து வரும் வெள்ளம் மொத்தமும் நெடுந்துறைக்கு. அந்தப் பதினொரு நகரங்களில் வடிகால்கள் நூறு சதவீதம் தூர்வாரப்பட்டது அங்கேதானாம்.

நெடுந்துறையின் நகரப் பொறியாளர் தமயந்திக்கு உண்மை தெரியும். தூர்வாரியதெல்லாம் காகிதத்தில். போன வருடக் கோப்பை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது அந்த அலுவலகத்தின் வழக்கம். மற்ற ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூச்சப்பட்டுத் தொண்ணூறோடு நிறுத்தியிருந்தார்கள்.

ஊரிணையைக் குறை சொல்ல முடியாது. ஒரு நகரம் கற்ற பாடத்தை அந்த இயந்திரம் அன்றைக்கே மற்ற பத்துக்கும் கொண்டு சேர்த்துவிடும். ஓர் ஊர் கொசுவை ஒழித்த விதத்தை அது பரப்பியதில் பதினொன்றிலும் டெங்கு ஒழிந்தது. அந்தத் தைரியத்தில் ஆற்று மதகுகளையும் அதன் பொறுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

"உண்மையச் சொல்லிடுவோம் சார்," என்றாள்.

உதவிப் பொறியாளர் ஜபருல்லாவுக்கு ஓய்வு பெற நாலு மாதம் பாக்கி. "ரெண்டு பேருக்கும் வேலை போயிடும் மேடம்."

"ஆறாவது வார்டுல எட்டாயிரம் பேர் இருக்காங்க. போனாப் போகட்டும்."

எந்தத் தெருவில் எத்தனை அடி அடைப்பு என்பதுவரை பதிந்தாள். மொத்தத்தில் தூர்வாரியது முப்பத்தொன்று புள்ளி நான்கு சதவீதம். ஊரிணை உடனே முடிவை மாற்றி, வெள்ளத்தை, தொண்ணூறு சதவீதம் பதிந்திருந்த வெண்ணிலூருக்குத் திருப்பப்போவதாகச் சொன்னது. இருவரும் பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் கற்றதைப் பரப்பாமல் அதனால் இருக்க முடியாதே. 'நெடுந்துறை வெள்ளத்தைத் தவிர்த்த விதம்' என்று பத்து ஊர்களுக்கும் செய்தி போனது. கால் மணி நேரத்தில் வெண்ணிலூர் தன் அளவைத் திருத்தியது: முப்பத்தொன்று புள்ளி நான்கு. அடுத்த ஊரும் அதையே பதிந்தது. நிஜமாகவே தூர்வாரியிருந்த இரண்டு ஊர்கள்கூட, வம்பு எதற்கு என்று அதே எண்ணைப் போட்டன. அந்தப் புள்ளி நான்கை மாற்றக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"பாவிங்களா!" என்றார் ஜபருல்லா.

மூன்று மணிக்குத் திரையில் புதிய முடிவு வந்தது. பத்து நகரங்களின் தரவும் நகல், நம்ப இயலாது. தெருவாரியாகச் சரிபார்க்க முடிந்த ஒரே நகரம் நெடுந்துறை. அங்கே ஆறாவது வார்டில் ஏழடி நீர் நிற்கும். மற்ற ஊர்களில் எவ்வளவு என்று கணக்கிட வழியில்லை. எனவே, தெரிந்த ஆபத்தே ஏற்கத்தக்கது. மதகுகள் திறக்கப்படுகின்றன. நீர் வந்து சேர ஐம்பது நிமிடம்.

தமயந்தி ஆறாவது வார்டு கவுன்சிலர் செல்லக்கிளியைப் போனில் பிடித்தாள். "அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு மேட்டுப் பக்கம் ஓடுங்க. வெள்ளம் வருது!"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"என்ன மேடம், நீங்களே பயமுறுத்துறீங்க? நூறு சதவீதம் தூர்வாரியாச்சுன்னு போன மாசம் நீங்கதானே எங்க தெருமுனையில போர்டு வச்சீங்க? அதை நம்பித்தான் பக்கத்து வார்டு ஜனங்களையும் இங்க வந்து தங்கச் சொல்லியிருக்கேன்."