இரண்டு ஆள் வேலை

காலை 8.40

காணாமல் போனது உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு சர்க்யூட் அட்டை. லிஃப்டுக்கு மூளை என்று ஒன்று உண்டென்றால் அதுதான். எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது எல்லாம் அதற்கு மட்டுமே தெரியும். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். சனிக்கிழமை மாலை ஸ்டோர் அலமாரியில் இருந்தது, திங்கட்கிழமை காலை இல்லை.

லிஃப்டுகளைப் பழுதுபார்க்கும் சின்னக் கம்பெனி அது. முதலாளி வெளிக் கேட்டைச் சாத்தச் சொன்னார். வேலைக்குக் கிளம்ப இருந்த மெக்கானிக்குகள் முற்றத்தில் நின்றார்கள், அவரவர் கருவிப் பெட்டி அவரவர் காலடியில். ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வந்தார்கள். மௌனியின் பெட்டியைத் திறந்தபோது அட்டை கிடைத்தது.

அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டி மௌனியுடையது. வாயைத் திறந்து பேசுவது அபூர்வம் என்பதால் வந்த பெயர். கம்பெனியின் ஒரு ஸ்க்ரூகூட அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. முதலாளிக்கு அவர் மேல் உயிர். வேலையை விடுகிறேன் என்று மௌனி மூன்று தடவை சொன்னபோதும், மூன்று தடவையும் முதலாளி சம்பளத்தை ஏற்றி உட்கார வைத்திருந்தார்.

"இவன் எடுத்திருக்கவே மாட்டான். யாரோ வேணும்னு வெச்சிருக்காங்க," என்றார் முதலாளி.

மௌனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தேன் என்றும் சொல்லவில்லை, எடுக்கவில்லை என்றும் சொல்லவில்லை. முதலாளி போலீசுக்குப் போன் போட்டார்.

காலை 10.15

இன்ஸ்பெக்டர் அம்மாள் தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "அழறேன்னு நினைச்சுடாதீங்க. ஜலதோஷம்," என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் உட்கார்ந்த பிறகுதான் அறையைப் பார்ப்பார். நின்றுகொண்டு பார்த்தால் எதிரில் இருப்பவர் உஷாராகிவிடுகிறார் என்பது அவர் கட்சி.

மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. சுவரில் ஒரு மரப்பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒரு ஆணியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. இன்னொரு ஆணியில் இரண்டு. மற்ற ஆணிகள் காலி.

"யார் மேல சந்தேகம்?"

"மேஸ்திரி மேல. மௌனிக்குச் சம்பளம் ஏத்தினதுல அவனுக்கு வயித்தெரிச்சல்."

"ஏன் ஏத்தினீங்க?"

"என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க? இந்தத் தொழில்ல ஆள் நிக்கறதே இல்ல. நாம பழக்கி விடுவோம், அடுத்த கம்பெனிக்காரன் கொத்திட்டுப் போயிடுவான். போன வருஷம்தான் யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தேன். கை நிறையக் குடுத்தா எவன் போவான்? எல்லாருக்கும் ஏத்தினேன், மௌனிக்கு இன்னும் கூடுதலா. அதுக்கப்புறம் ஒரே ஒரு பையன் வெளிநாடு போனான். அவ்வளவுதான், வேற யாரும் வேலையை விடல."

"எல்லாருக்கும் ஏத்தற அளவுக்கு வருமானம் கூடிச்சா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன்," என்றார்.

எப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அந்தப் பதிலை வேறு வாயிலிருந்து கேட்பது நல்லது என்று அவருக்குத் தோன்றியது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அங்கே சின்னவர் பெரியவர் எல்லாரும் ஸ்டோர் அக்கா என்பார்கள்.

"அலமாரிச் சாவி எங்க இருக்கும்?"

"மேஜை டிராயர்ல மேடம்."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது?"

"பெட்டிகளைத் திறந்து பாக்கலாம்னு யார் சொன்னது? முதலாளியா?"

அக்கா ஒரு கணம் யோசித்தாள். "இல்ல. மௌனியண்ணன்தான் சொன்னாரு. எல்லார் பெட்டியையும் பாருங்கன்னு. அவரு வாயிலேர்ந்து முழுசா ஒரு வாக்கியம் வந்ததே எங்களுக்கு அதிசயமா இருந்துச்சு."

"கேட்டைச் சாத்தினதுக்கு அப்புறம் இந்த ஆபீசுக்குள்ள யாராவது வந்தாங்களா?"

"நானும் முதலாளியும்தான். மத்தவங்க எல்லாம் இன்னும் முற்றத்துலயே நிக்கறாங்க. பாவம், தண்ணி குடிக்கக்கூட விடல."

இன்ஸ்பெக்டர் முற்றத்துக்குப் போய்ப் பெட்டிகளைப் பார்த்தார். மெக்கானிக்கின் பெட்டி என்பது பாதி வீடு. சீப்பு, வலி மருந்து, பிள்ளையின் போட்டோ, பாதி தின்ற பிஸ்கெட். மௌனியின் பெட்டியில் கருவிகள் மட்டும் இருந்தன. எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, சின்னதிலிருந்து பெரியதுவரை அடுக்கியிருந்தது. அட்டையைப் பளபளக்கும் அதன் காப்பு உறைக்குள் பத்திரமாகப் போட்டு, மேலே துணி சுற்றியிருந்தார்கள். பழிபோட வந்தவன் அவசரத்தில் இருப்பான். இவ்வளவு பொறுமை அவனுக்கு ஏது?

மேஸ்திரி தள்ளி நின்றிருந்தார். முகம் கறுத்திருந்தது.

"வயித்தெரிச்சல் உண்டா இல்லையா?"

"உண்டு மேடம். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த மனுஷனைத் திருடனாக்கற அளவுக்கு நான் கெட்டவன் இல்ல."

"எல்லார் இடுப்புலயும் தொங்குதே, அந்தச் சிவப்புப் பூட்டு எதுக்கு?"

"உசுரு மேடம் அது. ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு சாவி. மாத்துச் சாவி கிடையாது. லிஃப்ட் ஓடற சந்துக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடி மெயின் சுவிட்சை அணைச்சு நம்ம பூட்டைப் போட்டுடணும். நாம வெளிய வந்து நாமளே கழட்டற வரைக்கும் எவனும் கரண்ட் விட முடியாது. ரெண்டு பேர் இறங்கினா ரெண்டு பூட்டு."

"பலகையில தொங்கறது?"

"வேலையை விட்டுப் போறவங்களோடது. போற அன்னிக்கு இதை மாட்டிட்டுத்தான் கேட்டைத் தாண்டணும். எவ்வளவு சண்டை போட்டுட்டுப் போனாலும் சரி, இதை மட்டும் எவனும் எடுத்துட்டுப் போனதில்ல. புதுசா வர்றவன் அதை எடுத்துக்குவான், பழசெல்லாம் அப்படிப் போயாச்சு. ரேடியோ பூட்டைத்தான் யாரும் தொட மாட்டேங்கறாங்க."

"யாரு ரேடியோ?"

"மௌனியோட ஜோடி. இவரு பேச மாட்டாரு, அவன் நிறுத்த மாட்டான். உள்ள இறங்கினா பாட்டுதான். கீழ அவன் பாடினா மேல மாடிவரைக்கும் கேக்கும். ஆறு மாசம் முன்னாடி ஒரு நாள் காலையில, ஒரு பழைய கட்டிடத்துல, அடிக்குழியில வழுக்கி விழுந்து தொடையில கம்பி ஏறிடுச்சு. கத்தியிருப்பான். காவலாளி எட்டிப் பாத்தப்போ மத்தியானம் ஆயிடுச்சு. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு."

"மௌனி எங்க இருந்தார் அப்போ?"

"வேற கட்டிடத்துல. தனியா. சம்பளம் ஏத்தினதுலேர்ந்து எல்லாரும் தனித்தனியாத்தானே போறோம்."

இன்ஸ்பெக்டர் தும்ம வாயைத் திறந்தார். தும்மல் வரவில்லை. திரும்பி ஆபீசுக்குள் தெரிந்த பலகையைப் பார்த்தார். ஒரு பையன் வெளிநாடு போனான். ஒருவன் செத்துப் போனான்.

அவர் மேஸ்திரியை அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. மௌனியை ஆபீசுக்குள் கூப்பிட்டு, அவர் மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்.

காலை 11.30

வந்தவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். பாதிச் சமையலில் கிளம்பியிருக்க வேண்டும். மௌனி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கை ஒரு பழக்கத்தில் இடுப்புக்குப் போய், அங்கே தேடி, ஒன்றும் கிடைக்காமல் கீழே தொங்கியது.

"இவரு ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாரும்மா," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "பத்துப் பைசா கீழ கிடந்தாலும் எடுக்க மாட்டாரு."

"தெரியும். சனிக்கிழமை வீட்டுக்கு என்ன கொண்டு வந்தார்?"

"என்ன கொண்டு வருவாரு? அவரோட டம்ளரு, சீப்பு, பொண்ணு போட்டோ. டம்ளர் ஒழுகுதுன்னாரு. நான் தண்ணி ஊத்திப் பாத்தேன், ஒழுகல."

மேஸ்திரியும் ஸ்டோர் அக்காவும் கதவோரம் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் முதலாளியைப் பார்த்தார்.

"உங்க அட்டையை எடுத்தது மௌனிதான் சார். அவரோட பெட்டியில வெச்சதும் அவர்தான். யாரும் தேடாம விட்டுடுவாங்களோன்னு பயந்து, தேடச் சொன்னதும் அவர்தான்."

"நான் நம்ப மாட்டேன். ஆதாரம்?"

"உங்க தலைக்குப் பின்னாடி."

முதலாளி திரும்பிப் பார்த்தார். தினமும் பார்க்கிற பலகைதான்.

"வேலையை விட்டவன் ஒருத்தன்னு சொன்னீங்க. செத்துப் போனவர் ஒருத்தர். ரெண்டு பூட்டு இருக்கணும். மூணு இருக்கு. வெளிய நிக்கறவங்க இடுப்புல எல்லாம் பூட்டு இருக்கு, இவர் இடுப்புல மட்டும் இல்ல. கேட்டைச் சாத்தினதுக்கு அப்புறம் இவர் இந்தப் பக்கமே வரல. அப்படின்னா அட்டை கிடைக்கறதுக்கு முன்னாடியே பூட்டை மாட்டியாச்சு. இன்னிக்குத்தான் கடைசி நாள்னு அவருக்கு அப்பவே தெரியும். திருடணும்னு துணிஞ்சவர்கூட அந்தப் பூட்டோட கேட்டைத் தாண்ட மனசு வராம மாட்டிட்டார். காலி ஆணி அத்தனை இருக்கறப்போ ரேடியோவோட ஆணியிலயே."

முதலாளி மூன்று பூட்டுகளையும் விரல் நீட்டி எண்ணினார்.

"எதுக்கு?" என்றார் முதலாளி. "நான் என்ன குறை வெச்சேன்? கேக்கறப்பல்லாம் ஏத்திக் குடுத்தேனே."

"அவர் கேட்டாரா?"

இன்ஸ்பெக்டர் மௌனியின் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நீங்களே சொல்லுங்க," என்றார்.

மௌனி முதலாளியை நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேரா அனுப்புங்கன்னுதான் சார் கேட்டேன். மூணு தடவையும் அதைத்தான் கேட்டேன். இல்லேன்னா போறேன்னு சொன்னேன். போறேன்னது மட்டும்தான் உங்க காதுல விழுந்துச்சு."

"ரெண்டு பேர்னா கட்டுப்படி ஆகாதுப்பா. அதனாலதானே அந்த மிச்சத்தை உங்களுக்கே..."

"ஆமா சார். ரேடியோ என் பக்கத்துல இல்லாததால மிச்சமான காசுதான் மாசாமாசம் என் கைக்கு வந்துச்சு. அவன் செத்த மாசமும் வந்துச்சு."

அவர் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியாவா போறீங்க?" என்றாள். "இத்தனை நாளாத் தனியாவா போனீங்க? ரேடியோண்ணன் விழுந்தப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்கன்னு இல்ல நினைச்சேன். கடைசியா என்ன சொன்னாருன்னுகூட உங்களைக் கேட்டேனே."

"சொன்னா நீ தினமும் பயந்துக்கிட்டு இருப்பே."

"சார் வீட்டுக்கு வந்து சம்பளம் கூட்டினேன்னு சொன்னப்பல்லாம் நான் சந்தோஷப்பட்டேன். வேலையை விடாதீங்கன்னு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

மௌனி தலையை ஆட்டினார். அதனால்தான் என்று அர்த்தம். நானாகப் போக முடியவில்லை, அவர்கள் துரத்தினால் நீ ஒன்றும் கேட்க மாட்டாய் என்று நினைத்தேன் என்று அர்த்தம். திருடன் என்ற பேரோடு அவள் எப்படித் தெருவில் நடப்பாள் என்பதை அவர் யோசிக்கவில்லை. நல்ல மனுஷர்களுக்குக் கெட்ட காரியம் செய்யத் தெரிவதில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், இந்தத் தடவை ஜலதோஷம் என்று சொல்லவில்லை. "பொருள் கேட்டைத் தாண்டல. திருட்டுன்னு எழுத எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரேடியோ எப்படிச் செத்தாருங்கறதை மறுபடி எடுக்கப் போறேன். நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க சார்."

முதலாளி அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்து மௌனியின் முன்னால் வந்து நின்றார். "இன்னும் எவ்வளவு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் போடத் தெரிந்த அளவுக்குக் காது கொடுக்கத் தெரியாதவர். அந்த நிமிஷம் அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது.

"நாளையிலேர்ந்து ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்புவேன்," என்றார். "சத்தியமாச் சொல்றேன். இனிமே உன்னைத் தனியா எங்கயும் அனுப்ப மாட்டேன். போயிடாதப்பா."

மௌனி பலகையைப் பார்த்தார். ஒரே ஆணியில் இரண்டு பூட்டுகள் தொங்கின.

"யார்கூட அனுப்புவீங்க சார்?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பூட்டைப் பலகையிலேயே விட்டுவிட்டு, மனைவியோடு வெளியே நடந்தார்.