அண்ணன் இன்னும் தலையாட்டவில்லை

அம்மா செய்துகொண்டிருந்த வீடியோ கேமில் எல்லாம் நன்றாக இருந்தது, உதையைத் தவிர.

ஓடுகிறவர்கள் நன்றாக ஓடினார்கள். மோதுகிறவர்கள், பார்ப்பவர் விலா எலும்பே வலிக்கும்படி மோதிக்கொண்டார்கள். மழை பெய்தால் புல்கூட நனைந்தது. ஆனால் உதைக்கும் நேரம் வந்துவிட்டால் போதும், விளையாடுகிறவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

அது அமெரிக்கக் கால்பந்து. தெருவில் எல்லாரும் உருட்டி விளையாடுகிற பந்தாட்டம் இல்லை. இரண்டு முனையும் கூர்ந்த பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். பெயரில்தான் கால் இருக்கிறதே தவிர, முக்கால்வாசி வேலை கைக்குத்தான். காலுக்கு எப்போதாவதுதான் வேலை வரும். வரும்போது மொத்த ஆட்டத்தின் தலையெழுத்தும் அந்தக் காலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் மூன்று புள்ளிகள். தவறினால் ஒன்றும் கிடையாது.

அம்மாவின் அலுவலகம் சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. பள்ளி விட்டதும் மிளகு நேராக அங்கேதான் போவாள். மிளகு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். ஆள் அவ்வளவு சிறிசு, வாயைத் திறந்தால் அவ்வளவு காரம்.

அன்று அவள் உள்ளே நுழைந்தபோது முதலாளி கன்ட்ரோலரைப் பிடித்தபடி திரையை முறைத்துக்கொண்டிருந்தார். திரையில் ஒரு கோடு. கோட்டின் மேல் ஒரு முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. முள் நடுவுக்கு வரும்போது பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினார். பந்து பார்வையாளர் கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

"இந்த பட்டன் சரியில்லம்மா," என்றார்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு சார்," என்றாள் அம்மா.

"குடுங்க மாமா," என்று மிளகு வாங்கி அழுத்தினாள். நடுவில் போனது. மறுபடியும் அழுத்தினாள். மறுபடியும் நடுவில்தான் போனது. அதற்குள் அவளுக்கே அலுத்துவிட்டது. "பழகிட்டா தூங்கிக்கிட்டே அடிக்கலாம் மாமா."

முதலாளி அம்மாவைப் பார்த்தார். "கேட்டீங்களா? ஒண்ணு, போகவே மாட்டேங்குது. இல்லன்னா போய்க்கிட்டே இருக்கு. விளையாடிப் பாத்தவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. பேசாம உதையை எடுத்துடுவோம். கம்ப்யூட்டரே உதைச்சுக்கட்டும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "இந்த வாரம் முடியுற வரைக்கும் டைம் குடுங்க சார்."

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. திரையில் உதைக்கிறவன் வேறு யாருமில்லை, மிளகின் அண்ணன்தான். பள்ளி அணியில் உதைப்பவன் அவன். போன வருடம் அவனுக்கு உடம்பை ஒட்டிய கறுப்பு உடை போட்டு, அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து அவன் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். "எனக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும்மா," என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்த அசைவுகளை எடுத்துத்தான் அம்மா கேமின் உதைகாரனை உருவாக்கினாள்.

இப்போது கேமில் இருந்த அண்ணன் நாளெல்லாம் உதைத்தான். வீட்டில் இருந்த அண்ணன் உதைப்பதையே விட்டுவிட்டான்.

காரணம் ஊருக்கே தெரியும். பள்ளிகளுக்கு இடையிலான கடைசி ஆட்டம். அண்ணன் உதைத்தால் வெற்றி என்ற நிலை. பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. அன்று வீட்டுக்கு வந்தவன் பந்தைத் தூக்கி அலமாரி உச்சியில், பழைய பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தான். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினான். "வர்ற திங்கக்கிழமை கோச் சார்கிட்ட சொல்லி, அணியிலிருந்து பேரை எடுத்துடப் போறேன்," என்று சாப்பிடும்போது சொன்னான்.

ஆளாளுக்கு அவனுக்குப் புத்தி சொன்னார்கள். "ஒரு தடவை தவறினா என்னடா? எழுந்து போய் உதை," என்றார் அப்பா. சித்தப்பா போனில் கூப்பிட்டு அதையேதான் சொன்னார். மிளகும் தன் பங்குக்குச் சொன்னாள். எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொருவர் சொல்லும்போதும் அண்ணன் போர்வைக்குள் இன்னும் கொஞ்சம் சுருண்டுகொண்டான். அதைப் பார்த்தபோது, சொல்லியிருக்கவே வேண்டாம் என்று மிளகுக்குத் தோன்றியது.

மறுநாளும் அலுவலகத்தில் அம்மா அந்த உதையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரை அண்ணன் ஓடிவந்து உதைத்தான். அம்மா முள்ளின் வேகத்தை மாற்றினாள். மறுபடியும் உதைத்தான். மிளகு கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது அண்ணன் மாதிரியே இல்ல."

"அவனேதான் கண்ணு. அவன் கால், அவன் கை."

மிளகுக்கு அந்தக் காலும் கையும் மனப்பாடம். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அண்ணன் பயிற்சி செய்யும்போதெல்லாம் பந்தைத் தரையில் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். அண்ணன் பின்னால் நடந்துபோவான். கொஞ்சம் பக்கவாட்டில் விலகுவான். கைகளைத் தளர விடுவான். இலக்கைப் பார்ப்பான், பிறகு தரையைப் பார்ப்பான். கடைசியில் மிளகைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையாட்டுவான். நான் தயார் என்று அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகுதான் மிளகு பந்தை நிமிர்த்தி வைப்பாள்.

மைதானத்திலும் அதுதான் வழக்கம். அங்கே பந்தை நிறுத்துபவன் நெட்டை, அண்ணனின் உயிர் நண்பன். அண்ணன் தலையாட்டினால்தான் நெட்டை கையை நீட்டிப் பந்தைக் கேட்பான். கேட்டால்தான் முன்னால் நிற்பவன் பந்தை வீசுவான்.

"அம்மா! அண்ணன் தலையாட்டவே இல்லையே!"

அம்மா திரும்பினாள். "அதுவா... ஆட்டினான். நான்தான் வெட்டிட்டேன். அவன் பாட்டுக்கு ரொம்ப நேரம் சும்மா நின்னுட்டே இருந்தான். ஒண்ணுமே நடக்கல, எதுக்கு வீணான்னு எடுத்துட்டேன்."

"அதைக் காட்டேன்."

அம்மா பழைய பதிவைத் தேடி ஓடவிட்டாள். காலியான கூடத்தில், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகளோடு அண்ணன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். தோள்கள் ஏறி இறங்கின. மூச்சு மெல்ல மெல்ல அடங்குவது தெரிந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்து, தலையாட்டினான். அந்த முகத்தில் பயமே இல்லை. இப்படி அவனைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று மிளகு நினைத்துக்கொண்டாள்.

"இதைப் போய் வெட்டிட்டியேம்மா. அவன் தலையாட்டினாத்தான் பந்து வரும். உன் கேம்ல முள்ளு அது பாட்டுக்கு ஓடுது, பந்து அது பாட்டுக்கு வருது. உதைக்கிறவன் தயாரான்னு யாருமே கேக்கல."

அம்மா பதிவைத் திரும்பவும் ஓடவிட்டாள்.

மிளகுக்கோ அந்தக் கடைசி ஆட்டம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். எல்லாரும் கம்பங்களைப் பார்த்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் அண்ணனின் தலையைத்தான் பார்த்தாள். அது அசையவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் அண்ணனின் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"அண்ணா, அன்னைக்கு நீ தலையாட்டல, இல்ல?"

அண்ணன் சட்டென்று திரும்பினான்.

"யார்கிட்டயும் சொல்லாத மிளகு."

"சொல்ல மாட்டேன்."

"நேரம் ஓடிட்டு இருந்துச்சு. எல்லாரும் கத்துறாங்க. நெட்டை பயந்துட்டான். நான் ஆட்டுறதுக்கு முன்னாடியே கையை நீட்டிட்டான், பந்து வந்துடுச்சு. நான் என்ன பண்றது, ஓடிப்போய் உதைச்சேன்."

"அப்ப தப்பு உன்மேல இல்லையே! இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவனாலதான் தோத்தோம்னு ஆயிடும். அவன் வேணும்னேவா பண்ணினான்? அன்னைக்கு என்னைவிட அவன்தான் அதிகமா அழுதான்." அண்ணன் குரல் தாழ்ந்தது. "இப்பவும் கண்ண மூடினா பந்து வந்துட்டே இருக்கு மிளகு. நான் தயாராகுறதுக்குள்ள வந்துடுது."

மிளகுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய் உதை என்று மட்டும் இனிமேல் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தாள். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நெட்டையைப் பற்றி அம்மாவிடம் அவள் மூச்சுவிடவில்லை. ஆனால் கேமைப் பற்றி நிறையப் பேசினாள்.

"முள்ளு ஓட வேணாம்மா. நடுங்கட்டும். உள்ள படபடன்னு அடிச்சுக்குமே, அந்த மாதிரி."

"சரி. அப்புறம்?"

"சும்மா நின்னா கொஞ்சம் கொஞ்சமா அடங்கணும். கூட்டத்தோட சத்தமும் குறையணும். ஆனா கடிகாரம் நிக்காது. நேரம் முடியுறதுக்குள்ள பட்டனை அழுத்தினா அவன் தலையாட்டுவான். அப்பத்தான் பந்து வரணும்."

"நடுங்கும்போதே அழுத்திட்டா?"

"கோணலாப் போகும்."

"நின்னுக்கிட்டே இருந்துட்டா?"

"நேரம் போயிடும். அதை அவன்தான் பாத்துக்கணும். ஆனா வேற யாரும் அவனுக்குப் பதிலா அழுத்தக் கூடாது."

அம்மா அவளைக் கூர்ந்து பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினாள். வெட்டி எறிந்த அந்தத் துண்டைத் தேடி எடுத்து முதலில் ஒட்டினாள்.

வாரக் கடைசியில் முதலாளி வந்து உட்கார்ந்தார். திரையில் முள் நடுங்கியது. கூட்டம் கத்தியது. அவர் விரல் பட்டனுக்குப் போய்த் திரும்பி வந்தது. கத்தல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. கீழே சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். முள் முழுக்க அடங்குவதற்குள் பொறுக்காமல் அழுத்திவிட்டார். திரை அண்ணன் தலையாட்டினான், ஓடிவந்தான், உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது.

"பட்டன் சரியில்லையா மாமா?" என்றாள் மிளகு.

"சும்மா இரும்மா. அவசரப்பட்டுட்டேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "இன்னொரு தடவை."

அன்றைக்கு அவர் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். உதையை எடுத்துவிடும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

சாயங்காலம் அம்மா கேமை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்து டிவியில் போட்டுவிட்டு, யாரையும் கூப்பிடாமல் சமையலறைக்குப் போனாள். மிளகும் கூப்பிடவில்லை. நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு வீட்டுப்பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். வெகு நேரம் கழித்து அண்ணன் தானாக வந்து கன்ட்ரோலரை எடுத்தான்.

திரையில் அவனே நின்றான். சத்தம் அடங்கியது. மூச்சு அடங்கியது. அண்ணன் பட்டனை அழுத்தினான். திரையில் இருந்தவன் இவனைப் பார்த்துத் தலையாட்டினான்.

பந்து எங்கே போனது என்றுகூட அண்ணன் பார்க்கவில்லை. "இதை யார் வைக்கச் சொன்னது?"

"நான்தான்," என்றாள் மிளகு. "கேமைப் பத்தி மட்டும்தான் பேசினேன். வேற எதுவும் சொல்லல, சத்தியமா."

அண்ணன் அவள் தலையை லேசாகக் கலைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டு மிளகு கண் விழித்தாள். அண்ணன் அலமாரி உச்சியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். பந்தோடு சேர்ந்து தூசியும் அவன் தலையில் கொட்டியது.

சந்தில் மிளகு மண்டியிட்டு, பந்தைப் படுக்கவைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அண்ணன் பின்னால் நடந்தான். கொஞ்சம் விலகினான். நின்றான்.

நின்றுகொண்டே இருந்தான். வெயில் சுவரிலிருந்து இறங்கி மிளகின் முதுகுக்கு வந்தது. முழங்காலில் சிறு கல் குத்தியது. மாடியில் துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்ன மிளகு, எவ்வளவு நேரமா அப்படியே உக்காந்திருக்க? உதைக்கச் சொல்லு அவனை!"

"அண்ணன் இன்னும் தலையாட்டல அத்தை."

"எப்ப ஆட்டுவான்?"

"தெரியல. ஆட்டும்போது ஆட்டட்டும்."

அண்ணனுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவன் தோள்கள் ஏறி, மெல்ல இறங்கின. கைகள் தளர்ந்தன. சுவரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு மிளகைப் பார்த்து, ஒரே ஒரு தடவை, தலையாட்டினான்.

மிளகு பந்தை நிமிர்த்தி வைத்தாள்.