ஹெப்சியின் டென்னிஸ் நோட்டு

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து இரண்டாவது தெருவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே ஒரு வாரமாக ஹெப்சிக்குத்தான் பெரிய மவுசு.

லிஃப்ட் பக்கத்தில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. 'யார் ஜெயிப்பார்?' என்று தலைப்பு. ஒட்டியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சத்தியநாதன் சார். வெளிநாட்டில் நடக்கும் பெரிய பெண்கள் டென்னிஸ் போட்டியில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் பிள்ளைகள் தங்கள் கணிப்பை அதில் எழுத வேண்டும்.

கால் இறுதி நான்கு, அரை இறுதி இரண்டு. ஆறு ஆட்டத்திலும் ஹெப்சி எழுதியவர்தான் ஜெயித்தார். ஆறுக்கு ஆறு! இத்தனைக்கும் ஹெப்சிக்கு வயது பத்து. டென்னிஸ் மட்டையை அவள் கையால் தொட்டதுகூட இல்லை.

வாட்ச்மேன் குப்பன் அண்ணா அவளைக் கண்டதும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார்.

"இன்னாம்மா, ஃபைனல்ல யாரு கெலிப்பாங்க? ஒனக்குத் தெரியாததா கீது?"

ஹெப்சியின் அம்மா அமலராணி டீச்சருக்கு மட்டும் இதில் கவலை. "யாராவது உன்னை ஜோசியக்காரின்னு சொன்னா, இல்லைன்னு தெளிவா சொல்லிடு. பாஸ்டர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்?"

அது ஜோசியமே இல்லை. ஹெப்சியிடம் ஒரு பழைய நோட்டு இருந்தது. அதுதான் ரகசியம்.

டி.வி.யில் ஆட்டம் ஓடும்போது எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். ஹெப்சி பந்து போன பிறகு பார்ப்பாள். புள்ளியை இழந்தவர் அடுத்து என்ன செய்கிறார்? சிலர் மட்டையை முறைப்பார்கள். சிலர் நடுவரோடு சண்டைக்குப் போவார்கள். அப்படிச் செய்தால் நோட்டில் ஒரு வட்டம். சிலர் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பிப் போய், அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு கோடு.

யாருக்குக் கோடு அதிகமோ, அடுத்த ஆட்டத்தில் அவர் ஜெயிக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று ஹெப்சிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய விஷயம் இத்தனூண்டு கோட்டுக்குள் இருக்கிறதே!

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறரைக்கு இறுதிப் போட்டி. இல்கா வார்டனும் மரீசா தோலோவும் மோதினார்கள். வார்டன் நான்கு முறை சாம்பியன். தோலோ பத்தொன்பது வயதுப் புதுமுகம், இடது கைக்காரர். நோட்டில் வார்டனுக்குத்தான் கோடு அதிகம்.

நான்கு மணிக்கு ஹெப்சி சார்ட்டில் எழுதப் போனாள். அங்கே ஜேசன் காத்திருந்தான். இரண்டாவது மாடி ஜோஷ்வாவின் தம்பி. ஒன்றாம் வகுப்பு படிக்கிறான்.

"அக்கா, தோலோன்னு எழுதுங்க. ப்ளீஸ்க்கா."

"ஏன்டா?"

ஜேசன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "அண்ணாகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். தோலோ தோத்துட்டா நான் இனிமே சோத்துக் கையிலதான் எழுதணும்."

ஹெப்சிக்குப் புரிந்தது. ஜேசன் எழுதுவது, படம் வரைவது, பந்து எறிவது எல்லாமே இடது கையால்தான். கடையில் கை நீட்டினால், "சோத்துக் கையில வாங்குடா" என்பார்கள். ஜோஷ்வா ஒருபடி மேலே போய், "பீச்சாங்கை, பீச்சாங்கை" என்று நாள் முழுக்கக் கேலி செய்வான்.

டி.வி.யில் தோலோ இடது கையால் பந்தை விளாசியதைப் பார்த்த அன்றுதான் ஜேசன் முதல்முறையாக அண்ணனை எதிர்த்துப் பேசினான். பேசிய வேகத்தில் பந்தயமும் கட்டிவிட்டான்.

"நீங்க எழுதினா நடக்கும்க்கா. ஆறு தடவை நடந்துச்சே!"

ஹெப்சி சார்ட்டைப் பார்த்தாள். தோலோ என்று எழுதினால் இவன் இப்போதே குதிப்பான். ஆனால் அது பொய்யாயிற்றே. பொய்யை நம்பி இவன் ஆறரை வரைக்கும் சிரித்துக்கொண்டிருப்பான். அப்புறம்?

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கோடுகளையும் வட்டங்களையும் அவனுக்குக் காட்டினாள்.

"நான் எழுதறதால யாரும் ஜெயிக்கிறதில்லைடா. இங்க எழுதறது அந்த ஊருப் பந்துக்குத் தெரியவா போகுது? நான் பார்க்கிறேன், எழுதறேன். அவ்வளவுதான். நோட்டு வார்டன்னு சொல்லுது."

ஜேசனுக்கு உதடு பிதுங்கியது.

ஹெப்சி சார்ட்டில் 'வார்டன்' என்று எழுதினாள். அவளுக்கே கை கனத்தது. பிறகு நோட்டையும் பென்சிலையும் ஜேசனிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒரு உதவி பண்ணு. எழுதறதுக்குக் குனிஞ்சா எனக்கு ஆட்டம் போயிடுது. இன்னிக்கு நான் பார்த்துச் சொல்றேன், நீ போடறியா? ரொம்ப வேகமா போடணும். உனக்கு எந்தக் கையில வேகமா வருமோ அந்தக் கையில போடு."

ஜேசன் யோசித்தான். மெதுவாக இடது கை முதுகுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது.

ஆறரைக்குள் கார் பார்க்கிங் நிறைந்துவிட்டது. சத்தியநாதன் சார் தன் வெள்ளை வேட்டியைச் சுவரில் கட்டி, புரொஜெக்டர் வைத்து அதில் ஆட்டத்தைப் பெரிதாகக் காட்டினார்.

முதல் செட்டை வார்டன் சுலபமாக எடுத்தார். "பார்த்தியா? உன் பீச்சாங்கை அவுட்!" என்றான் ஜோஷ்வா. அவனும் ஹெப்சியும் ஒரே வகுப்பு.

ஹெப்சி அவன் பக்கம் திரும்பவில்லை. "தோலோ, கோடு" என்றாள். "மறுபடியும் கோடு. இதுவும் கோடு." சொல்லச் சொல்ல அவள் குரல் மாறியது. அந்தப் பெண் வரிசையாக எட்டுப் புள்ளிகளை இழந்திருந்தார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை!

இரண்டாவது செட்டைத் தோலோ பிடித்தார். இனி மூன்றாவது செட் யாருக்கோ, கோப்பை அவருக்கு.

அந்த செட் முடியவே மாட்டேன் என்றது. கடைசியில் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் வார்டனுக்கு வெற்றி என்ற நிலை வந்தது. தோலோ தடுத்தார். மீண்டும் அதே நிலை. மீண்டும் தடுத்தார். நான்கு முறை தடுத்தார்!

ஐந்தாவது முறை, போச்சு என்றே எல்லோரும் நினைத்தார்கள். தோலோ புல்தரையில் சறுக்கிக்கொண்டே போனார். இடது கையை முழுசாக நீட்டி, மட்டையின் நுனியால் பந்தைத் தொட்டார். பந்து வலைக்கு மேலே எழும்பியது. உச்சியில் நின்று கொஞ்சம் யோசித்தது. வார்டன் பக்கம் விழுந்தது.

பார்க்கிங்கில் ஒருவரும் கைதட்டவில்லை. குப்பன் அண்ணாவின் கையில் டீ அப்படியே ஆறிப்போயிருந்தது.

"யம்மாடியோவ்!" என்றார் அவர். "இன்னா கை அது!"

ஜோஷ்வா நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். "டேய் ஜேசன்! அந்த இடது கையைப் பார்த்தியாடா!" என்று கத்தினான். கத்திய பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

ஆறாவது முறை, வார்டன் அடித்த பந்தைத் தோலோவால் எட்ட முடியவில்லை. ஆட்டம் முடிந்தது. பார்க்கிங்கில் எல்லோரும் எழுந்து நின்று இரண்டு பேருக்கும் கைதட்டினார்கள்.

"ஏழுக்கு ஏழு!" என்று சத்தியநாதன் சார் ஹெப்சியின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

ஹெப்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஜேசனைப் பார்த்தாள். அவன் பென்சிலை வலது கைக்கு மாற்றியிருந்தான்.

"பந்தயம்னா பந்தயம்தானேக்கா" என்றான் சின்னக் குரலில்.

ஹெப்சி நோட்டை வாங்கி ஜோஷ்வாவிடம் கொடுத்தாள். "உன் தம்பி போட்டது. நீயே எண்ணி எல்லாருக்கும் சொல்லு."

ஜோஷ்வா விரல் வைத்து எண்ணினான். "வார்டன், கோடு எழுபத்தி ஒண்ணு. வட்டம் இருபத்தி ஆறு. தோலோ, கோடு தொண்ணூத்தி எட்டு. வட்டம்..." அவன் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வட்டமே இல்லை. ஒண்ணுகூட இல்லை!"

ஹெப்சிக்குக் கையில் முடி குத்திட்டு நின்றது. இப்படி ஒரு பக்கத்தை அவள் நோட்டு இதுவரை கண்டதே இல்லை.

"இன்னும் ஒரு வேலை இருக்கு. ஜெயிச்சவங்க பேரைக் கீழே எழுதணும்" என்று நோட்டை ஜேசனிடம் நீட்டினாள்.

ஜேசன் வலது கையால் ஆரம்பித்தான். 'வா' ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 'ர்' வரியை விட்டே வெளியே போனது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

ஜோஷ்வா அவன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"டேய், கையை மாத்துடா."

"பந்தயம்?"

"அவங்க தோத்த மாதிரியே எனக்குத் தோணலைடா" என்றான் ஜோஷ்வா. பென்சிலை எடுத்துத் தம்பியின் இடது கையில் அவனே வைத்தான்.

ஜேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, 'வார்டன்' என்று அழகாக எழுதி முடித்தான். அதோடு நிறுத்தவில்லை. யாரும் சொல்லாமலே கீழே இன்னொரு வரி எழுதினான்.

'அடுத்த வருஷம் தோலோ.'

ஹெப்சி அதைப் படித்தாள். பென்சிலை வாங்கி, பக்கத்தின் கடைசியில் 'ஜேசன்' என்று எழுதினாள். அதற்கு நேராக நல்ல நீளமாக ஒரு கோடு போட்டாள்.