சாவு விழாத வீட்டில் ஒப்பாரி

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானத்தில் அந்த இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களும் மாடி ஏறி வந்தன. ஈப்போ பழைய டவுனில் கீழே கோப்பிக்கடை, மேலே பத்துமலை என்பவனின் ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய, ஜன்னல் இல்லாத அறை. பக்திப் பாட்டுக் கேசட்டுகளுக்குக் கடைசியாகச் சத்தத்தைச் சீர்செய்து, பிரதி எடுக்க அனுப்புவது அங்கேதான்.

கோலாலம்பூர் கடைக்காரர், சத்தத்தைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஒன்றையும் சேர்த்து விட்டுப் போயிருந்தார். கேட்டுப் பார்த்து ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பவேண்டும்.

பத்துமலைக்குப் பெரிய ஜோடி உடனே பிடித்துவிட்டது. அதில் மிருதங்கம் போட்டால் நெஞ்சில் வந்து இடித்தது. ஆம்புரோஸ் உதட்டைப் பிதுக்கினான். அவன் பத்துமலையிடம் வேலை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவன். பொல்லாத காது அவனுக்கு.

"பெருசு எல்லாத்தையும் அழகாக்கிக் காட்டுது அண்ணே. நமக்கு உள்ளத உள்ளபடி சொல்ற ஸ்பீக்கர்தான் வேணும்லா. வாத்தியம் இல்லாத வெறுங்குரல் ஒண்ணு போட்டா சாயம் வெளுத்துடும்."

சொல்லிக்கொண்டே அலமாரியின் அடியிலிருந்து பெயர் எழுதாத டேப் சுருளை இழுத்தான்.

"அது வேணாம்."

"ஏன் அண்ணே? யாரு இது?"

"யாரோ தோட்டத்துக் கெழவிலா. சும்மா பிடிச்சது."

சொன்னவன் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் கிழவி நல்லம்மாள், அவனைப் பெற்றவள். லகாட் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் இருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் அவள் போய் எடுத்துக் கொடுத்தால்தான் ஒப்பாரி. சாவு வீட்டுப் பாட்டுக்காரி மகனிடம் சாமி பாட்டைக் கொடுப்பார்களா? அந்தப் பயத்தில் பத்துமலை எல்லாரிடமும், ஆம்புரோஸிடமும்கூட, 'அம்மா சின்ன வயசிலேயே தவறிட்டாங்க' என்று சொல்லி வைத்திருந்தான். சொல்லிச் சொல்லி அவனுக்கே அது பழகிவிட்டது.

முன்பு ஒருமுறை மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஒப்பாரி பாடச் சொன்னான். நல்லம்மாள் அடிக்காத குறை. "சாவு விழாத வீட்டுல ஒப்பாரி பாடக்கூடாதுடா. பாடுனா சாவு வந்து வாசல்ல நிக்கும்." பிறகு மனசு கேட்காமல், வழக்கம்போல ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு, அவனைத் தூங்கவைத்த தாலாட்டைப் பாடினாள். டேப்பில் இருப்பது அதுதான். ஒவ்வொரு சொல்லும் அவனுக்கு மனப்பாடம்.

ஆம்புரோஸ் சுருளை மாட்டிவிட்டான்.

பெரிய ஸ்பீக்கரில் கிழவியின் குரல் தேன் தடவியதுபோல் வந்தது. *பால்மரக் காட்டுக்குள்ளே பாய்விரிச்சுப் போட்ட கண்ணே, ஆராரோ.* பத்துமலை மூச்சு விட்டான். ஆம்புரோஸ் டேப்பை முதலுக்கே திரும்பச் சுற்றி, வயரைச் சின்ன ஜோடிக்கு மாற்றினான்.

செருமல், அறைக்குள்ளேயே யாரோ நிற்பதுபோல்.

*பால்மரக் காட்டுக்குள்ளே பாய்விரிச்சுப் போட்ட மகன்*

*பாய்சுருட்ட வரலையே, பாடைதூக்க வரலையே.*

"வேற பாட்டா இருக்கே?" என்றான் ஆம்புரோஸ் மெதுவாக.

பத்துமலை ஈக்வலைசருக்குத் தாவினான். நடுவில் இருந்த குமிழ்களைக் கீழே தள்ளினான்; மனிதக் குரல் இருப்பது அங்கேதான். டேப்பின் இரைச்சல் போயிற்று. பாட்டைப் பிடித்த அன்று லயத்துக் கூரையில் பெய்த மழையின் சத்தமும் போயிற்று.

குரல் போகவில்லை.

எல்லாக் குமிழ்களையும் அடிவரை இழுத்துவிட்டான். இப்போது குரல் மட்டும்தான் இருந்தது. மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் அதோடு சேர்ந்துகொண்டது. அறையில் புளித்த ரப்பர் பால் வாடை ஏறியது. அம்மாவின் சேலை வாடை.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. யாரு இவங்க?"

"தெரியாதுன்னு சொன்னேன்லா!"

பாட்டு நின்றது. டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டெலிபோன் அடித்தது. ஆம்புரோஸ் எடுத்தான், கேட்டான், ரிசீவரை வைக்காமலே திரும்பினான்.

"லகாட்லேருந்து சின்னையான்னு ஒருத்தராம். ஒங்க அம்மா செத்துட்டாங்களாம், இப்பத்தான்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா ஒங்க அம்மா சின்ன வயசுலேயே..."

பத்துமலை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்; ஆம்புரோஸும் பின்னாலேயே போனான்.

லயத்து வீட்டில் பெண்கள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் ஒப்பாரி வரவில்லை. எடுத்துக் கொடுக்கிறவள் நடுவில் கிடந்தாள். பக்கத்து வீட்டு இருளாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு அழ நாதியில்ல. ஒன் பொட்டியில அவ கொரலு இருக்குன்னு சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவா. அதையாச்சும் போடு, வா."

ஸ்டூடியோவிலிருந்து டேப்பையும் மெஷினையும் கொண்டுவந்து போட்டான். தாலாட்டுதான் வந்தது, பழைய சொற்கள் ஒன்றுகூட மாறாமல். பிணமாகக் கிடந்தவள் மகனைத் தூங்கவைத்தாள். லயமே கதறியது. பின்னால் நின்ற ஆம்புரோஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பத்துமலையை வெட்கம் பிடுங்கித் தின்றது.

கருமாதி முடிந்து வந்ததும் பெரிய ஜோடியைத் திருப்பி அனுப்பச் சொன்னான்.

அடுத்து வந்தவர் தாப்பாவிலிருந்து கோயில் கமிட்டி சதாசிவம். முருகன் பாட்டைச் சின்ன ஸ்பீக்கரில் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் பத்துமலை எல்லாவற்றையும் அணைத்தான்.

"பாட்டுக்குப் பின்னாடி ஒரு பொம்பளை பாடுறாங்களே தம்பி. யாரு அது?"

ஆம்புரோஸ் தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டான்.

அணைத்த மெஷினில், சத்தத்தின் அளவைக் காட்டும் மீட்டரின் முள் எழுந்தது. நடுவில் வந்து அப்படியே நின்றது.

பத்துமலையின் நாக்கு நுனிக்குப் பழைய பதில் தானாக வந்தது. விழுங்கினான்.

"எங்க அம்மா. சாவு வீட்டுல ஒப்பாரி பாடுவாங்க."

சதாசிவம் எழுந்தார். தன் டேப்பைத் தானே எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். "சாமி பாட்டு தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க," என்று படியிறங்கிப் போனார்.

முள் கீழே விழுந்தது.

பத்துமலை சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ரப்பர் பால் வாடை மெல்ல ஏறியது.

சின்ன ஸ்பீக்கர் ஒருமுறை தொண்டையைச் செருமியது.

வரப்போவது தாலாட்டா ஒப்பாரியா என்று, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.